முதல் பெட்டி யாருக்குப் போனது

சிவகுருநாதன் முதலாளியின் வக்கீல் நோட்டீஸ் வந்த அன்று நான் சோறு தின்னவில்லை. எனக்குக் கோபம் வந்தால் பசிக்காது. என் அண்ணன் ஜெமீல் நானாவுக்கோ பயம் வந்தால்தான் பசிக்கும். என் பங்கையும் சேர்த்து அவரே தின்று முடித்துவிட்டு, "இப்ப என்ன செய்யுற, நபீஸா?" என்று கேட்டார். நான் சட்டியைக் கழுவுகிற சத்தத்திலேயே அவருக்குப் பதில் கிடைத்திருக்கும்.

கிண்ணியாவில் எங்கள் பட்டறையின் பெயர்ப்பலகையில் 'ஜெமீல் எலெக்ட்ரோனிக்ஸ்' என்று இருக்கும். பெயர் நானாவுடையது, வேலை என்னுடையது. நாங்கள் செய்தது றேடியோப் பெட்டி. அந்த யுத்த காலத்தில் சைக்கிள் டைனமோவை வைத்து றேடியோவைப் பாட வைப்பது ஊரில் யாருக்கும் தெரிந்த வித்தைதான். பற்றரிக்குத் தடை, கரண்டுக்குப் பஞ்சம், செய்தி கேட்காமல் இருக்கவும் ஏலாது. ஆனால் மிதிப்பவர் கொஞ்சம் தளர்ந்தால் றேடியோ முனகும், நின்றால் வாயை மூடிக்கொள்ளும். செய்தி வாசிப்பவர் 'இன்று காலை' என்று தொடங்குவார், மிதிப்பவருக்கு மூச்சு வாங்கும், காலையில் என்ன நடந்தது என்று கடைசிவரை ஒருவருக்கும் தெரியாது. எங்கள் பெட்டி அப்படியில்லை. உள்ளே இருக்கும் செம்புக்கம்பிச் சுருளும் மின்னைப் பிடித்து வைக்கும் கொண்டென்சரும் சேர்ந்து, ஆள் இறங்கி ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு வரும்வரை றேடியோவைப் பேச வைக்கும்.

இந்தச் சுருளுக்கும் கொண்டென்சருக்கும்தான் சண்டை. திருகோணமலைப் பிரதான வீதியில் 'சிவகுரு எலெக்ட்ரிக்கல்ஸ்' வைத்திருந்த சிவகுருநாதன் முதலாளி, அது தன்னுடைய கண்டுபிடிப்பு என்று கொழும்பில் பேட்டன்ட் எடுத்துவிட்டார். ஆக்கவுரிமை என்று காகிதத்தில் எழுதுவார்கள். அதை வைத்திருப்பவரைத் தவிர வேறு யாரும் அந்தப் பொருளைச் செய்யக்கூடாது. நாங்கள் உடனே நிறுத்த வேண்டும், செய்து வைத்த பெட்டிகளையும் அவரிடம் ஒப்படைக்க வேண்டும் என்று நோட்டீஸ் சொன்னது. அப்படியே எங்கள் வீட்டுக் கோழிகளையும் கேட்டிருக்கலாம், மறந்துவிட்டார் போலிருக்கிறது.

நேரம் பார்த்துத்தான் அனுப்பியிருந்தார். நிலாவெளியிலும் இறக்கக்கண்டியிலும் முகாம்களில் இருந்த அகதிகளுக்குக் கொடுப்பதற்காக ஒரு வெளிநாட்டு நிவாரண அமைப்பு இந்தப் பெட்டிகளைக் கேட்டு வந்திருந்தது. உரிமைச் சண்டை தீராமல் ஒரு பெட்டியும் வாங்க மாட்டோம் என்று அவர்கள் சொல்லிவிட்டார்கள். ஆக்கவுரிமை செல்லுமானால் எங்கள் பட்டறைக்குப் பூட்டு. அங்கே சுருள் சுற்றியவர்கள் எல்லாம் பெண்கள். அவர்களில் பாதிப்பேரின் ஆண்கள் கடலுக்கோ வயலுக்கோ போய்த் திரும்பி வராதவர்கள். எல்லாருக்கும் மூத்தவளான உம்மு குல்சும், நோட்டீஸ் கதையைக் கேட்டுவிட்டு, "அப்ப நாளைக்கு வரவா வேணாமா?" என்று மட்டும் கேட்டாள்.  வா என்று அதட்டிவிட்டு உள்ளே போய்விட்டேன்.

இனி, பெட்டியை நாங்கள் எங்கிருந்து படித்தோம் என்பதைச் சொல்ல வேண்டும். எங்கள் மூளையில் உதித்தது என்று நான் பொய் சொல்ல மாட்டேன். அது முருகன் கோயிலில் இருந்து வந்தது.

வெருகலில் இருந்து தயிர் விற்க வருகிற தங்கரத்தினம் என்றொரு மனிசி. வெருகல் அப்போது இயக்கத்தின் கையில் இருந்தது. கம்பி, கொண்டென்சர், பற்றரி என்று எதுவும் இராணுவத்தின் தடுப்பைத் தாண்டி அங்கே போகக்கூடாது. ஒருநாள் அவள் என் முன்னால் ஒரு தயிர்ச் சட்டியை வைத்து, கையை உள்ளே விட்டு, பொலித்தீன் பையில் சுற்றிய ஒரு சுருளைக் கொண்டென்சரோடு வெளியே எடுத்தாள். கருகிப்போயிருந்தது. கோயிலில் ஒரு பெட்டி இருக்கிறதாம், சைக்கிளை மிதித்தால் ஒலிபெருக்கி பேசுமாம், திருவிழாவுக்குத் தேவாரம் படிப்பதே அதில்தானாம். காவடி எடுக்க ஏலாதவர்கள் சைக்கிள் மிதிப்பதாக நேர்த்தி வைக்கிறார்களாம். நேர்த்திக்காரர் கூடிப்போய், முருகன் பாவம், சுருள் எரிந்துவிட்டது. திருகோணமலைக்குப் போக அவளுக்கு இராணுவத்தின் பாஸ் கிடைக்கவில்லை. கிண்ணியாதான் கிட்ட.

நாங்கள் அதைக் கழற்றிப் பார்த்தோம். அல்லாஹ்வே, என்ன வேலை! ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு சுற்று, ஒன்று இந்தப் பக்கம், மற்றது அந்தப் பக்கம். அதே மாதிரி புதுச் சுருள் சுற்றிக் கொடுத்தோம். தங்கரத்தினம் அதை எப்படிக் கொண்டு போனாள் என்று நான் கேட்கவில்லை. வரும்போது இருந்ததைவிடப் போகும்போது அவளுடைய கொண்டை பெரிதாக இருந்தது, அவ்வளவுதான் எனக்குத் தெரியும். பிறகு அதே மாதிரியில் நாங்களும் பெட்டி செய்யத் தொடங்கினோம். அதில் எனக்கு வெட்கமில்லை. கோயிலில் ஊர் கூடிப் பார்க்க வைத்த பொருள், கண் இருக்கிறவன் எவனும் பார்க்கலாம்.

நோட்டீஸ் வந்த பிறகு தங்கரத்தினம் தயிரோடு வந்தபோது, அந்தப் பெட்டியை யார் கொடுத்தது என்று கேட்டேன். "அதுதானே பெட்டியிலயே எழுதிக் கிடக்கு" என்றாள். றேடியோவின் முகத்தைவிடப் பெரிய எழுத்தில், சிவப்புப் பெயின்ற்றில்: உபயம், திருகோணமலை சிவகுருநாதன் குடும்பத்தினர், 1991 ஆவணித் திருவிழா.

நான் சிரித்த சிரிப்பில் நானா குசினியில் இருந்து ஓடி வந்தார். எங்கள் பக்கத்துச் சைவக்காரருக்கு ஒரு வழக்கம் உண்டு. வயலில் முதல் நெல், புது வலையில் பிடித்த மீனை விற்ற முதல் காசு, எதுவென்றாலும் முதலாவது சாமிக்கு. முதலாளி தன் முதல் பெட்டியைச் சாமிக்குக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறார். கொடுத்தவர் சும்மா கொடுத்தாரா? கோயிலுக்கு ஒரு ரியூப்லைற் கொடுத்தாலும் வெளிச்சம் மறைகிற அளவுக்குப் பெயரை எழுதுகிற ஆள் அவர். அந்த ரியூப்லைற்றில் யார் பெயர் முதலில் வருவது என்ற சண்டையில்தான் அவரும் அவருடைய மச்சானும் முகம் பார்ப்பதை விட்டார்கள் என்று தங்கரத்தினம் சொன்னாள்.

தொண்ணூற்றி மூன்றில் பேட்டன்ட்டுக்கு விண்ணப்பித்தவரின் பெட்டி, தொண்ணூற்றி ஒன்றிலேயே ஊருக்கு முன்னால் ஓடியிருக்கிறது. ஊர் முன்பே கண்ட பொருளுக்குப் பேட்டன்ட் செல்லாது, தேதியையும் அவரே எழுதி வைத்திருக்கிறார். இதைவிட என்ன சாட்சி வேண்டும்?

சிரிப்பு அன்று பின்னேரம் வரைதான் நின்றது. சாட்சி நல்ல சாட்சி, ஆனால் வெளியே எடுக்க ஏலாத சாட்சி. வெருகலில் பெட்டி இருக்கிறது என்று நான் வாய் திறந்தால், தடைசெய்த சாமானை இயக்கத்தின் பகுதிக்குக் கொண்டு போனதற்காக முதலாளி உள்ளே. சுருளைக் கொண்டு போனதற்காகத் தங்கரத்தினம் உள்ளே. சுற்றிக் கொடுத்ததற்காக நானும் உள்ளே. உள்ளே போன எங்கள் மாமி மகன் எப்படித் திரும்பி வந்தான் என்று எனக்குத் தெரியும். இன்றும் கதவு தட்டுகிற சத்தம் கேட்டால் எழுந்து நிற்கிறான். அந்த இடத்துக்கு என் எதிரியைக்கூட அனுப்ப என்னால் ஏலாது. சொல்லவில்லை, சொல்லுவதுமில்லை என்று நானாவிடம் சொன்னேன். அவர் மறுபடியும் சோற்றுப் பானையைத் திறந்தார்.

கொழும்பில் வழக்காட இரண்டு பக்கத்துக்கும் தெம்பில்லை. பாதை இருந்தால் பாஸ் இல்லை, பாஸ் கிடைத்தால் பாதை இல்லை. கடைசியில் துறைமுகத்தில் மின்சாரப் பகுதிக்குப் பெரியவராக இருந்து ஓய்வுபெற்ற தம்பிராசா ஐயா சொல்வதை இருவரும் ஏற்றுக்கொள்வது என்று பேசி முடித்தோம். நிவாரணக்காரரும் அதற்குச் சம்மதித்தார்கள். உட்துறைமுக வீதியில் அவருடைய வீடு. முன்விறாந்தையில் கதிரைகள் போட்டிருந்தன. எதிரே தண்ணீரில் கடற்படைக் கப்பல்கள் சாம்பல் நிறத்தில் நின்றுகொண்டிருந்தன. ஒரு பக்கம் சிவகுருநாதன் முதலாளியும் அவருடைய சட்டத்தரணி யோகலிங்கமும். மறுபக்கம் நானும் நானாவும். முதலாளிக்கு வெள்ளை வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு, பார்த்தால் வழக்குக்கு வந்தவர் மாதிரி இல்லை, மாப்பிள்ளை பார்க்க வந்தவர் மாதிரி.

தம்பிராசா ஐயா இரண்டு பெட்டிகளையும் திறந்து பார்த்தார். இரண்டுக்கும் ஒரே வயிறு என்றார். பிறகு விஷயத்தைச் சுருக்கமாகச் சொன்னார். ஒரே பொருள் என்பதில் சந்தேகமில்லை. பேட்டன்ட் செல்லுமா செல்லாதா என்பதுதான் கேள்வி. விண்ணப்பிப்பதற்கு ஒரு வருடத்துக்கு மேல் முந்தியே அது பொது இடத்தில் ஓடியிருந்தால் செல்லாது. ஓட விட்டவர் கண்டுபிடித்தவரே என்றாலும் செல்லாது. அப்படி ஏதும் ஆதாரம் இருக்கிறதா என்று எங்களைக் கேட்டார்.

நானா என்னைப் பார்த்தார். நான் கப்பலைப் பார்த்தேன். இல்லை என்றேன். அந்த ஒரு சொல்லைச் சொல்வதற்குள் உம்மு குல்சுமும் மற்றப் பெண்களும் என் கண்ணுக்கு முன்னால் வந்து வரிசையாக நின்றார்கள். எனக்கு அழுகை வந்தது. அழவில்லை, ஆனால் வந்தது.

அதோடு முதலாளி வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் வென்றிருப்பார். அவரால் ஏலுமா? கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்து, இந்தப் பெட்டி தன் மூளையில் பிறந்த பிள்ளை என்றும், தான் விண்ணப்பிக்கும்வரை வெளியில் ஒரு குஞ்சு குருமன்கூட அதைக் கண்டதில்லை என்றும், கிண்ணியாவில் சிலர் எங்கிருந்தோ களவாடிச் செய்கிறார்கள் என்றும் ஒரு பிரசங்கம் வைத்தார். களவு என்ற சொல் என் காதில் சூடாக விழுந்தது. தம்பிராசா ஐயா முறைப்படி அவரிடம் கேட்டார்.

"சிவகுரு, விண்ணப்பத்துக்கு முந்தி இது எங்கயாவது பொது இடத்தில ஓடினதோ?"

"இல்லை ஐயா."

"எங்கயுமே?"

"எங்கயுமே இல்லை."

திருநீற்றோடு சொன்னார். எனக்குள் ஏதோ அறுந்துவிட்டது. திட்டம் போட்டுச் செய்தேன் என்று பிறகு ஊரில் பேசிக்கொண்டார்கள். திட்டமுமில்லை, மண்ணுமில்லை, வெறும் ஆத்திரம்.

"சரி முதலாளி," என்றேன். "அப்ப ஒரு கோயில்ல இருக்கிற பெட்டி உங்கடயில்ல. அதில கிடக்கிற பேரைச் சுரண்டிப்போட்டு உங்கட மச்சான்ட பேரை எழுதச் சொல்லி அனுப்புறன்."

முதலாளி எழுந்துவிட்டார்.

"சுரண்டுறதோ? ஆர் சுரண்டுறது? அது என்ட உபயம். என்ட கையால செய்து, வாழைக்குலைக்குள்ள ஒளிச்சு, வெருகல் வரைக்கும் தோளில சுமந்துகொண்டு போய்க் குடுத்தனான். தொண்ணூற்றியொண்டு ஆவணித் திருவிழா. அவன் அந்தக் கோயிலுக்கு ஒரு கட்டிக் கற்பூரம் குடுத்திருப்பானோ?"

யோகலிங்கம் பேனையை மூடிச் சட்டைப்பையில் வைத்தார். அதற்குப் பிறகு அவருக்கு அங்கே வேலை இருக்கவில்லை. ஜெமீல் நானா தட்டில் இருந்த பிஸ்கட்டை எடுத்தார்.

முதலாளி நின்ற இடத்திலேயே நின்றார். என்ன சொன்னோம் என்பது கொஞ்சம் கொஞ்சமாகத்தான் அவருக்கு ஏறியது. பேட்டன்ட் போனதை முதலில் யோசித்தாரா, எதிரே நின்ற கப்பல்களை முதலில் பார்த்தாரா, தெரியாது.

தம்பிராசா ஐயா தன் காதைத் தேய்த்துக்கொண்டார். துறைமுகத்தில் கப்பல் சங்கு கேட்டுக் கேட்டுத் தன் காது போய்விட்டது என்றும், கோயில் என்றது கேட்டது, எந்தக் கோயில் என்றது விழவில்லை என்றும், வாழைக்குலை என்று யாரோ சொன்னார்களே, இன்றைக்குச் சந்தையில் என்ன விலை என்றும் கேட்டார். யோகலிங்கம், தன் கட்சிக்காரர் சொல்வது தனக்குப் பழக்கமாகவே காதில் விழுவதில்லை என்றார்.

முதலாளி மெல்ல உட்கார்ந்தார். என்னைப் பார்த்து, குரல் எழும்பாமல் கேட்டார். "பிள்ளை, இதைக் கொண்டுபோய் ஆமிக் காம்பில சொல்லப் போறியோ?"

"சொல்லுறதெண்டா போன மாசமே சொல்லியிருப்பன்," என்றேன். "எனக்கு என்ட பட்டறை வேணும். உங்கட உயிர் எனக்கு என்னத்துக்கு?"

"உனக்கு ஆர் சொன்னது? அங்க போய் வர ஏலாதே."

சொல்லத்தான் வேண்டியிருந்தது. ஆளின் பெயரை மட்டும் விட்டுவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன். சுருள் எரிந்தது, எங்கள் கைக்கு வந்தது, அதைப் பார்த்துப் படித்தது, புதிதாகச் சுற்றி அனுப்பியது. இப்போது கோயிலில் வெளியே இருப்பது அவருடைய பெயர், உள்ளே ஓடுவது எங்கள் சுருள் என்றும் சொன்னேன். பேட்டன்ட் சட்டப்படி பார்த்தால் முருகன் மேலும் ஒரு வழக்குப் போட வேண்டும் என்று சொல்ல நினைத்தேன், நல்லவேளை நாக்கைக் கடித்துக்கொண்டேன்.

"இப்ப ஓடுதோ?" என்று கேட்டார்.

"நல்லா ஓடுதாம்."

"கூலி என்ன வாங்கினனீ?"

எனக்கு மறுபடியும் கோபம் வந்தது. "கோயில் சாமானுக்கு ஆர் கூலி வாங்குற? எங்கட பள்ளிவாசல் சாமானெண்டா நீங்க வாங்குவீங்களா?"

அவர் சால்வையை எடுத்து முகத்தைத் துடைத்தார், திருநீறும் சேர்ந்து அழிந்தது. பிறகு தம்பிராசா ஐயாவிடம், "செல்லாது எண்டு எழுதுங்கோ" என்றார். எங்களைக் களவு என்று சொன்னதற்கு மன்னிப்பு ஒன்றும் கேட்கவில்லை. முதலாளிமார் கேட்க மாட்டார்கள். நிவாரணக்காரரின் பெட்டிகளைப் பாதி நீங்கள் செய்யுங்கோ, பாதி நான் செய்யிறன் என்றார். நானா தலையாட்டினார். நான் முந்திக்கொண்டு, சுருள் எல்லாம் எங்கள் பெண்கள்தான் சுற்றுவார்கள், உங்கள் பாதிக்கும் சேர்த்து என்றேன். அவர் அதற்கும் சரி என்றார். இன்னும் ஏதாவது கேட்டிருக்கலாமோ என்று படகில் திரும்பி வரும்போதுதான் யோசித்தேன்.

தீர்ப்பு எழுதுவதில்தான் அடுத்த தொல்லை. செல்லாது என்றால் ஏன் செல்லாது என்று காரணம் எழுத வேண்டும். உண்மைக் காரணத்தை எழுதினால் பாதிப்பேர் சிறையில். தம்பிராசா ஐயா தேத்தண்ணி ஆறும்வரை யோசித்தார். பிறகு எழுதி வாசித்தார். கண்டுபிடித்தவர் விண்ணப்பிப்பதற்கு ஒரு வருடத்துக்கு மேல் முன்னரே தமது முதல் பெட்டியை, பெயர் குறிப்பிட விரும்பாத ஒரு பெரியவருக்கு மனமுவந்து வழங்கியிருக்கிறார். அது பலர் முன்னிலையில் ஓடியும் இருக்கிறது. ஆதலால் ஆக்கவுரிமை செல்லாது.

யோகலிங்கத்துக்குச் சட்டத்தரணிப் புத்தி போகவில்லை. அந்தப் பெரியவரைச் சாட்சிக்குக் கூப்பிட வேண்டி வந்தால் என்ன செய்வது என்று கேட்டார்.

"கூப்பிட்டா வருவார்," என்றார் தம்பிராசா ஐயா. "எல்லாரும் அவரைக் கூப்பிட்டுக்கொண்டுதானே இருக்கினம்."

எல்லாரும் கையெழுத்து வைத்தோம். வெளியே வந்தபோது முதலாளி படலை வரை கூடவே வந்தார். ஏதோ கேட்க நினைப்பதும் விடுவதுமாக இருந்தார். கடைசியில், அந்தத் திருவிழாவுக்குப் பிறகு தான் வெருகலுக்குப் போனதேயில்லை என்றார். மூன்று தடவை பாஸ் கேட்டாராம், மூன்று தடவையும் இல்லை என்றுவிட்டார்களாம். தகப்பன் காலத்தில் இருந்து ஒரு ஆவணிகூடத் தவறாத குடும்பமாம். முந்திச் சால்வையால் முகம் துடைத்தது பேட்டன்ட் போனதற்காக அல்ல, நான் பார்த்துக்கொண்டுதானே நின்றேன்.

"பிள்ளை," என்றார். "இனி எப்பவாவது அந்தச் சுருள் எரிஞ்சு உன்னட்ட வந்தா, சுத்தி அனுப்ப முந்தி எனக்குச் சொல்லியனுப்பு. நான் கிண்ணியாவுக்கு வாறன். கையில ஒருக்கா வைச்சுப் பாத்திட்டுத் தாறன்."

ஓம் என்றேன். வேறு எதுவும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. என் வாய்க்கு அது புதுப் பழக்கம்.

மறுநாள் உம்மு குல்சும் வந்து எப்போதும் போல முதல் ஆளாக உட்கார்ந்து கம்பியை எடுத்தாள். முகாம் பெட்டிகள் எல்லாம் செய்து முடித்தோம். தங்கரத்தினம் தயிர் கொண்டு வரும்போதெல்லாம் நான் முதலில் சட்டிக்குள்தான் பார்ப்பேன். இந்தத் தடவையாவது எரிந்து வரட்டுமே என்று மனம் கேட்கும். நேர்த்திக்காரர் அங்கே முறை வைத்து மிதித்துக்கொண்டுதான் இருந்தார்களாம். ஆனால் நாங்கள் அதை நன்றாகச் சுற்றிவிட்டிருந்தோம். அது எரியவேயில்லை.